உங்கள் தொட்டித் தண்ணீரும் எங்கள் தொட்டித் தண்ணீரும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

"தொட்டியில் ஏற்கெனவே இருந்த மீன்களெல்லாம் நன்றாக நீந்துகின்றன. உங்களிடம் வாங்கிய புது மீன் மட்டும் மறுநாளே செத்துவிட்டது." இந்தக் குறையோடு வருகிறவர்கள் பலர். மீன் நோயோடு வந்திருக்கும் என்று சந்தேகிப்பதில் தவறில்லை. நோய் என்றால் பொறுப்பு எங்களுடையது. ஆனால் பழைய மீன் பிழைத்துப் புது மீன் மட்டும் சாகும்போது முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. எங்கள் தொட்டியில் இருந்த தண்ணீர் வேறு, உங்கள் தொட்டியில் இருக்கும் தண்ணீர் வேறு. பழைய மீன்கள் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அந்த நீருக்குப் பழகிவிட்டவை. புது மீனுக்கு நாம் சில நிமிடங்கள்கூடத் தருவதில்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டம் சிறியது. தண்ணீர் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். குலசேகரம், திருவட்டாறு, மார்த்தாண்டம் பக்கத்துச் செம்மண், வெட்டுக்கல் நிலத்துக் கிணறுகளில் பொதுவாக உப்புகள் குறைந்த மென்னீர் கிடைக்கும். சற்று அமிலச் சாய்வும் இருக்கும். மழை குறைந்த ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருப்பது வழக்கம். முட்டம், குளச்சல், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் சில கிணறுகளில் உவர்ப்பு ஏறியிருக்கும். நாகர்கோவில் நகரத்துக்கு முக்கடல் அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. ஒரு நாள் திறந்த வாளியில் வைத்தோ, சோடியம் தயோசல்பேட் சேர்த்தோதான் அதைத் தொட்டியில் ஊற்ற வேண்டும்.

சரி, ஒரே கிணற்றுத் தண்ணீரை ஒரே வீட்டில் இரண்டு தொட்டிகளில் ஊற்றினால்? ஆறு மாதத்தில் அவை இரண்டு வேறு தண்ணீராகிவிடும். ஒரு தொட்டியில் கன்னியாகுமரியில் ஆசையாக வாங்கிய சங்கும் சிப்பியும் கிடக்கும். அவை சுண்ணாம்பு, கரைந்துகொண்டே இருக்கும், கடினத்தன்மை ஏறும். மற்றொன்றில் மரக்கட்டையும் வாதுமை இலையும் கிடக்கும். அவற்றின் சாயமும் அமிலமும் நீரில் இறங்கும். ஒன்றில் மீன் அதிகம், தீனியும் அதிகம். ஒன்றில் தண்ணீர் மாற்றாமல், வற்றியதற்கு மேல் ஊற்றிக்கொண்டே வருவார்கள். ஆவியாவது நீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே "கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவிட்டேன்" என்பது போதாது. சோதிக்க வேண்டியது தொட்டியை.

எதைச் சோதிப்பது? பலரும் பி.எச். எனப்படும் அமில, கார அளவு ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்; அந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும். எங்களைக் கேட்டால் கே.எச். எனப்படும் கார்பனேட் கடினத்தன்மையைத்தான் முதலில் பார்க்கச் சொல்வோம். தொட்டியில் உருவாகும் அமிலத்தை ஈடுகட்டும் கையிருப்பு அது. கையிருப்பு உள்ளவரை பி.எச். அசையாது, தீர்ந்த அன்று சரியும். பி.எச். 7-க்கும் 6-க்கும் இடையே ஒரு எண்தான் வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் அமிலத்தன்மையில் அது பத்து மடங்கு. ஜி.எச். என்பது மொத்தக் கடினத்தன்மை, அதாவது கால்சியம், மக்னீசியத்தின் அளவு. ஒரு டிகிரி என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். டி.டி.எஸ். மீட்டர் கரைந்திருப்பவை அனைத்தையும் சேர்த்துக் காட்டும். அது சுண்ணாம்பா, சமையல் உப்பா என்று சொல்லாது. கடலோர வீடுகளில் இந்த மீட்டரை மட்டும் நம்பி "கடின நீர்" என்று முடிவு கட்டாதீர்கள்.

இனி நாங்கள் மிகவும் வருந்தும் விஷயத்துக்கு வருகிறோம். ஓராண்டுக்கு மேல் சரியாகத் தண்ணீர் மாற்றாத தொட்டி. மீன்கள் உயிரோடு இருக்கின்றன. திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிக்கு மேல் தண்ணீரை இறைத்துப் புதுத் தண்ணீர் நிரப்புகிறார்கள். மாலைக்குள் மீன்கள் மிதக்கின்றன. "தண்ணீர் மாற்றியதால்தான் செத்தன, இனி மாற்றவே மாட்டேன்" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். நடந்தது இதுதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த வேலையில் அமிலம் உண்டாகி கே.எச். குறைகிறது. மென்னீர் ஊர்களில் கையிருப்பே குறைவு என்பதால் அது சீக்கிரம் தீர்ந்து பி.எச். 6-க்கும் கீழே இறங்கும். அங்கே பாக்டீரியாக்கள் சோர்ந்துபோகும், அம்மோனியா சேரும். ஆனால் அமில நீரில் அது பெரும்பாலும் அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் இருப்பதால் மீன் தாக்குப்பிடிக்கும். அதில் கே.எச். உள்ள புது நீரை ஒரேயடியாக ஊற்றினால் பி.எச். ஏறி அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும். 28 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 8 என்றால் ஆறேழு பங்கு. மீனைக் கொன்றது தண்ணீர் மாற்றியது அல்ல. மாற்றாமல் விட்ட மாதங்களும் ஒரே நாளில் செய்த அவசரமும்தான். இப்படிப்பட்ட தொட்டி இருந்தால் தீனியைக் குறைத்து, நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் மாற்றிக்கொண்டு வாருங்கள்.

கே.எச். குறைந்த தொட்டிக்கு எளிய வழி, நன்றாகக் கழுவிய சிப்பி ஓட்டுத் துண்டுகளை வலைப்பையில் கட்டி ஃபில்டர் அருகே போடுவது. நீர் அமிலமாகும்போது அதிகம் கரையும், இல்லாதபோது மெதுவாகக் கரையும். அவசரத்துக்குச் சமையல் சோடா உதவும்: 50 லிட்டருக்கு 6 கிராம் போட்டால் கே.எச். ஏறத்தாழ 4 டிகிரி உயரும். அதை ஒரே நாளில் போடாமல் மூன்று நான்கு நாட்களாகப் பிரித்துக் கரைத்து ஊற்றுங்கள். அதே சிப்பி, மென்னீர் மீனான நியான் டெட்ரா வளர்க்கும் தொட்டியில் வேண்டாத பொருள். கல்லோ மணலோ சந்தேகமாக இருந்தால் மேலே கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு.

எலுமிச்சைச் சாறு விட்டும், பி.எச். குறைக்கும் திரவம் வாங்கியும் அந்த எண்ணின் பின்னால் ஓடுவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை, அந்தப் பாட்டில்களை விற்பதிலும் எங்களுக்கு ஆர்வமில்லை. கே.எச். உள்ள நீரில் காலையில் இறங்கிய எண் பெரும்பாலும் மறுநாளே ஏறிவிடும். அந்த ஏற்ற இறக்கம்தான் மீனை வாட்டும். உங்கள் தண்ணீருக்கு ஏற்ற மீனை வளர்ப்பது இதைவிட எளிது. கடின நீர் என்றால் கப்பி, மாலி, பிளாட்டி. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்களும் தழைக்கும். மென்னீர் என்றால் டெட்ராக்கள், ஏஞ்சல், கௌராமி. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் கையிருப்பே இல்லை. மாடியில் பிடித்த மழைநீருக்கும் இதே எச்சரிக்கை.

இந்த மாதம் முதல் ஒவ்வொரு மீன் பையிலும் எங்கள் தொட்டியின் பி.எச்., கே.எச்., டி.டி.எஸ். மூன்றையும் எழுதித் தருகிறோம். உங்கள் அளவு அருகில் இருந்தால் பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு மீனை விடலாம். விலகி இருந்தால் மீனைப் பை நீரோடு சிறு வாளிக்கு மாற்றி, தொட்டி நீரைச் சிறிது சிறிதாக ஒரு மணி நேரம் வரை சேருங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். வெளியூரிலிருந்து பல மணி நேரம் பையில் அடைந்து வந்த மீனுக்கு மட்டும் இந்த நிதானம் கூடாது. அந்த நீரில் அம்மோனியா சேர்ந்திருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறத் தொடங்கும். வெப்பம் சமமானதும் மீனை வலையில் எடுத்து விட்டுவிடுங்கள்.

மீன் வாங்க வரும்போது தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டிலில் கொண்டுவாருங்கள். இலவசமாகச் சோதித்துத் தருகிறோம். சோப்புப் போட்டுக் கழுவாத, குடிநீர் இருந்த அரை லிட்டர் பாட்டில் போதும். காற்று இடைவெளி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடி, அன்றே கொண்டுவர வேண்டும். இன்னொரு பாட்டிலில், இரவு முழுவதும் வாளியில் ஏர் பம்ப் ஓடவிட்ட கிணற்று நீரோ குழாய் நீரோ இருந்தால் இன்னும் நல்லது. புதிதாக இறைத்த ஆழ்துளைக் கிணற்று நீரில் கரியமில வாயு கரைந்திருப்பதால் பி.எச். உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். எந்தப் பாட்டில் எதுவென்று மேலே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வண்ணமீன் கடையினர்,
நாகர்கோவில்