ஆகாயத்தாமரை குளத்தைச் சுத்தம் செய்யவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் கோவைப் பக்கத்தில், நகரத்துக் குளங்களைப் பற்றி வந்த கட்டுரையில், "ஆகாயத்தாமரை கழிவுநீரை இயற்கையாகவே சுத்திகரிக்கும் செடி என்பதால், அது குளத்தில் இருப்பது ஒருவகையில் நன்மையே" என்றொரு வரி இருந்தது. யார் சொன்னது என்ற குறிப்பு இல்லை. அந்த வரியின் முற்பாதி சரி. பிற்பாதியை அச்சேற்றும் முன் தங்கள் செய்தியாளர் ஏதாவது ஒரு குளத்தின் கரைக்கு ஒருமுறை வந்திருக்கலாம் என்பதே என் வருத்தம்.

கழிவுநீரில் உள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றையும் சில கன உலோகங்களையும் ஆகாயத்தாமரையின் வேர்கள் உறிஞ்சுகின்றன என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆனால் உறிஞ்சியதை அந்தச் செடி அழித்துவிடுவதில்லை. வேரிலும் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைக்கிறது. செடியை அவ்வப்போது எடுத்துக் குளத்துக்கு வெளியே கொண்டுபோனால் அவையும் உடன் வெளியேறும். அப்படியே விட்டால் செடி மடிந்து அடியில் அழுகும், உறிஞ்சியதெல்லாம் நீருக்கே திரும்பும், அழுகலுக்கு வேண்டிய ஆக்சிஜனும் அதே நீரிலிருந்து செலவாகும். நான் பள்ளியில் வேதியியல் கற்பித்த காலத்தில், இதை மாணவர்கள் கண்ணால் காண வேண்டும் என்பதற்காக இரண்டு தொட்டிகளில் சாக்கடை நீரை நிரப்பி இச்செடியை வளர்த்தோம். வாரந்தோறும் செடிகளைக் கழித்து வந்த தொட்டியில் நீர் தெளிந்தது. கைவைக்காமல் விட்ட தொட்டி முதலில் தெளிந்து, பிறகு கறுத்து, வகுப்பறைக்குப் பக்கத்தில் வைக்க முடியாத அளவுக்கு நாறியது. நம் குளங்கள் அந்த இரண்டாவது தொட்டியின் நிலையில்தான் இருக்கின்றன.

எங்கள் பகுதிக் குளத்தில் செடி மூடிய பிறகு பரிசல் ஓட்ட வழியில்லை, வலை வீச இடமில்லை. வெயில் உள்ளே இறங்காததால் நீருக்கடியில் வளரும் பாசியும் கொடிகளும் மடிகின்றன. கட்லாவும் ரோகுவும் செத்து மிதந்த கோடையில் ஜிலேபி மீன் மட்டும் தப்பியது. குறைந்த ஆக்சிஜனிலும் அது பிழைத்துக்கொள்ளும். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாவதைவிட அதிகமான நீர் இச்செடியின் இலைகள் வழியே வெளியேறுகிறது என்பதும், மான்சோனியா வகைக் கொசுவின் புழுக்கள் மிதக்கும் செடிகளின் வேரைத் துளைத்தே மூச்சுவிடுகின்றன என்பதும் அந்தக் கட்டுரையில் ஓர் இடத்திலும் இல்லை. நன்மையை மட்டும் எழுதியவருக்கு, கரையை ஒட்டிக் குடியிருப்பவர்கள் கண்ணில் படவில்லை போலும்.

மனக்குறை இந்தக் கட்டுரையோடு தொடங்கியதல்ல. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குளத்தில் பொக்லைன் இறக்கிச் செடிகளை வாரியபோது, முக்கியப் பிரமுகர்கள் நிற்கும் படத்தோடு "குளம் தூய்மையானது" என்று தாங்கள் செய்தி வெளியிட்டீர்கள். வாரிய செடி எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. அது போகவே இல்லை, கரைச் சரிவிலேயே குவிந்து கிடந்தது. எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீராகவே இருக்கும் செடியை லாரியில் ஏற்றிச் செல்வதற்குச் செலவு அதிகம் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் மழை வந்ததும் குவியலின் சாறும் உயிரோடிருந்த தண்டுகளும் மீண்டும் குளத்தில்தான் இறங்கின. சாக்கடைச் சத்தும் வெயிலும் சேர்ந்த நீரில் இச்செடி ஓரிரு வாரங்களில் இரட்டிப்பாகும். சேற்றில் விழுந்த விதை பல ஆண்டுகள் முளைப்புத் திறனோடு கிடக்கும். அடுத்த கோடைக்குள் குளம் பழையபடி மூடிக்கொண்டது. அதற்குப் படமும் இல்லை, செய்தியும் இல்லை.

அப்போது நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் வெளியிட்டீர்கள். அதற்கு இன்றும் நன்றியுடையவன். ஆயினும் ஓடைப் பள்ளத்தின் வழியே குளத்துக்குள் விழும் சாக்கடையைப் பற்றி நான் எழுதியிருந்த பத்தி மட்டும் நீக்கப்பட்டு, பூங்காவையும் நடைபாதையையும் பாராட்டிய இரண்டு வாக்கியங்கள் எஞ்சியிருந்தன. இடப் பற்றாக்குறை என்றே எண்ணிக்கொண்டேன். ஆனால் அந்தப் பத்திக்காகத்தான் கடிதமே எழுதினேன். அமேசான் படுகையிலிருந்து பூவின் அழகுக்காக இந்த நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட செடி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இங்கே இருக்கிறது. குளம் முழுவதையும் அது அடைத்துக்கொள்வதற்கு நாம் அன்றாடம் இறைக்கும் சாக்கடைதான் சோறு போடுகிறது. அதை நிறுத்தாமல் செடியை மட்டும் வாருவது ஆண்டுதோறும் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கே உதவும். நொய்யல் ஆற்றின் குளங்கள் வாய்க்காலாலும் உபரிநீராலும் ஒன்றோடொன்று இணைந்தவை என்பதால், மேலே உள்ள குளத்தை விட்டுவிட்டுக் கீழே உள்ளதைச் சுத்தம் செய்வதிலும் பயனில்லை.

இச்செடியைத் தின்னும் வண்டுகளைக் குளத்தில் விட்டால் போதும் என்றும் ஒருமுறை எழுதினீர்கள். 1980களில் வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட நியோகெட்டினா வண்டுகள் பெங்களூரைச் சுற்றியுள்ள சில ஏரிகளில் நல்ல பலன் தந்தன. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலும் தந்தன. ஆனால் பலன் தெரிய ஆண்டுகள் பிடிக்கும், இடையில் பொக்லைன் இறக்கினால் செடியோடு வண்டும் போய்விடும், சத்து மிகுந்த சாக்கடை நீரில் வண்டு தின்பதைவிட வேகமாகச் செடி துளிர்க்கும். இவற்றையும் சேர்த்து எழுதியிருந்தால் மக்கள் ஏமாந்திருக்க மாட்டார்கள்.

நான் வேண்டுவது சிறிது. அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் தங்கள் செய்தியாளரையும் புகைப்படக்காரரையும் எங்கள் கரைக்கு அனுப்பி, இப்போதும் சரிவில் கிடக்கும் குவியலை எப்போது அகற்றுவார்கள், எங்கே கொட்டுவார்கள் என்று பொறுப்பில் உள்ளவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். உரமாக்கப் போவதாகச் சொன்னால், பட்டறைக் கழிவு கலக்கும் குளத்துச் செடியில் கன உலோகங்களைச் சோதித்தார்களா என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் எதை வேண்டுமானாலும் நீக்கலாம். சாக்கடையைப் பற்றிய பத்தியை மட்டும் விட்டுவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கோயம்புத்தூர்