கார் ஓட்டி வந்தவருக்கு நாற்காலி, நோயாளிக்கு பெஞ்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழின் மனநலப் பகுதியில், உள்நோயாளியை உட்கார வைத்துக்கொண்டு சிகிச்சை பற்றிப் பேசினால் அவருக்குப் பதற்றம் கூடும், குடும்பத்தாரிடம் பேசினாலே போதும் என்று ஒரு வரி வந்திருக்கிறது. எழுதிய மருத்துவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

நான் கணக்கு டீச்சர். இருமுனை மனநோய்க்காக உள்நோயாளியாக இருந்தவள். எங்கள் வார்டில் வாராவாரம் கண்ணாடிக் கதவு போட்ட அறையில் மீட்டிங் நடக்கும். டாக்டர், சைக்காலஜிஸ்ட், சோஷியல் ஒர்க்கர், சிஸ்டர் எல்லாரும் இருப்பார்கள். என் அண்ணன் இருப்பார். அண்ணனின் மைத்துனரும் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள், கார் ஓட்டிக்கொண்டு வந்தவர். நான் மட்டும் வராண்டா பெஞ்சில்.

அங்கே ஒருநாள் பேசியதை அண்ணன் பிற்பாடு சொன்னார். நான் டீயை வேண்டாம் என்று தள்ளுகிறேனாம். எதையாவது கலந்திருப்பார்கள் என்ற சந்தேகமாக இருக்குமாம். அதனால் ராத்திரி மாத்திரையைக் கூட்டினார்களாம். விஷயம் இவ்வளவுதான்: இந்த நோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து எனக்குக் கைநடுக்கம். டம்ளரைத் தூக்கினால் டீ விளிம்பு தாண்டி நைட்டியில் சிந்தும். பக்கத்துக் கட்டில்காரி ஒருமுறை சிரித்துவிட்டாள். அந்த வெட்கத்தில் வேண்டாம் என்றேன். கதவைத் திறந்து, "ஏம்மா டீ குடிக்கல?" என்று யாராவது கேட்டிருந்தால் அரை நிமிஷ வேலை.

முதல் சில நாள் நான் இருந்த இருப்புக்கு என்னை வைத்துக்கொண்டு யாரும் எதையும் பேசியிருக்க முடியாது, சரி. தெளிந்த பிறகும் அதே பெஞ்சுதானா?

தங்களுக்குத் தெரியாத சட்டம் இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, நோய் என்ன, என்ன சிகிச்சை தரப்போகிறார்கள், அதன் பக்கவிளைவு என்ன என்பதையெல்லாம் அறிய நோயாளிக்கு உரிமை தருகிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது அடுத்து என்ன சிகிச்சை என்பதை நோயாளியிடமும் கலந்து பேச வேண்டும் என்கிறது 98-ஆம் பிரிவு. கார் ஓட்டி வந்தவரைப் பற்றியும் தேடிப் பார்த்தேன், காணோம். பின்லாந்தில் டோர்னியோ என்கிற ஊரில், நோயாளி இல்லாமல் அவரைப் பற்றிப் பேசுவதில்லை என்று மருத்துவமனைக்காரர்கள் 1984-இலேயே முடிவெடுத்துவிட்டார்கள். அங்கே யாருக்கும் பதற்றம் கூடி ஆஸ்பத்திரியை மூடியதாகத் தெரியவில்லை.

உங்களைச் சொல்லியும் குற்றமில்லை. சிரிப்புப் பக்கத்தில் 'கீழ்ப்பாக்கம்' வராத மாதம் உண்டா? மனநலம் என்றாலே தலைவிரி கோலமாக ஜன்னலோரம் உட்கார்ந்த பெண் படம். டை அடித்து, சேலை மடிப்பு கலையாமல் எட்டாம் வகுப்புக்குப் பின்னம் நடத்துகிறவள் படத்துக்கு எடுபட மாட்டாள் போல. 2001-இல் ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத் தீயில் சங்கிலியோடு மாட்டிக்கொண்டு 28 பேர் மாண்டபோது தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாம் பக்கம் பக்கமாக எழுதின. சங்கிலியைக் கழற்றிவிட்டால் போதும், வாயைத் திறக்க விட வேண்டியதில்லை என்று அப்போதே முடிவாகிவிட்டதா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இதே சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, நமக்காகப் பேசும் பிரதிநிதியை நாமே நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும், அவரும் சம்மதம் என்று எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். அண்ணனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, கூட வேலை பார்க்கும் டீச்சராகவும் இருக்கலாம். இதை அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

சிரிப்புப் பக்கம் பற்றி முன்பு எழுதிய கடிதத்தில் நன்றி சொன்ன வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிட்டீர்கள். இடம் போதாவிட்டால் இதில் டீ, மைத்துனர், பின்லாந்து எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். 14-ஆம் பிரிவை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை