மாஸ்டர் வீட்டுக் காகிதங்கள்

டர்பன்
தென்னாப்பிரிக்கா
அக்டோபர் கடைசி

அன்புள்ள மணி,

நாங்கள் நலம். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று உன் மகன் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மனம் ஆறியது. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல். இங்கே புரட்டாசி விரதம் முடிந்து வீட்டில் மறுபடி மீன் குழம்பு வந்துவிட்டது. மழைதான் விட்டபாடில்லை. இந்தத் தடவை மழை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, காரணம் என் வீட்டு நடு அறையில் அடுக்கி வைத்திருக்கும் அந்தப் பெட்டிகள்.

போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பேச்சில் அது சண்டையாகப் போயிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். நம் இதழின் ஆசிரியராக இருந்த மாஸ்டர் காலமான பிறகு அவருடைய ரிசர்வாயர் ஹில்ஸ் வீட்டை விற்கப் போகிறார்கள், கராஜைக் காலி செய்யும்போது நம் பழைய மாணவர் இதழின் ஆசிரியர் கோப்புகளை அவர் மகள் என்னிடம் ஒப்படைத்தாள். "அச்சான இதழ்களில் ஒரு செட் எடுத்து வை, மற்றதைத் தூக்கிப் போடு, யார் படிக்கப் போகிறார்கள்" என்றாய். இதழுக்காக ராத்திரி ராத்திரியாக உழைத்தவன் நீ, அக்கறை இல்லாமல் சொல்லியிருக்க மாட்டாய். ஆனாலும் மணி, நான் அப்படிச் செய்யப் போவதில்லை. அச்சான இதழ் தொலைந்தால் இங்கே சாட்ஸ்வொர்த்தில் நம்மவர் நாலு வீட்டில் கேட்டால் கிடைத்துவிடும். இந்தக் காகிதங்களுக்கு இன்னொரு பிரதி உலகத்தில் எங்கும் கிடையாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னால் உனக்கே புரியும். பாதிக்கு மேல் கடிதங்கள், 'வகுப்புச் செய்தி' பகுதிக்கு வந்தவை. நாம் இரண்டு வரிதானே போடுவோம்: இன்னார் ஸ்டாங்கரில் தலைமையாசிரியர் ஆனார், இன்னாருக்கு இரண்டாவது பெண் குழந்தை. அந்த இரண்டு வரிக்குப் பின்னால் நாலு பக்கம் ஐந்து பக்கம் எழுதியிருக்கிறார்கள். 1961இல் சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன பழைய பாரக்ஸில், பின்னால் நம் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமான 'இந்தியர் கல்லூரி' தொடங்கியதே, அங்கே ஆரம்ப வருடங்களில் படித்த ஒருவருடைய கடிதம் அதில் ஒன்று. 1959ஆம் வருடச் சட்டம் பல்கலைக்கழகப் படிப்பை இனவாரியாகப் பிரித்ததில் நேட்டால் பல்கலைக்கழகத்துக் கதவு தனக்கு மூடிப்போனதை அவர் மன்னிக்கவே இல்லை. அதே கடிதத்தில், துறைமுகத்தில் படகுக்காகக் காத்து நின்ற காலைகளையும், அங்கே கிடைத்த சிநேகிதர்களையும் எவ்வளவு ஆசையாக எழுதுகிறார் தெரியுமா! அவருடைய அப்பாவும் படித்தவர். 1936இல் மேபல் பால்மர் அம்மையார் முயற்சியில் நேட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி வெள்ளையர் அல்லாதவர்களுக்கென்று சாஸ்திரி கல்லூரிக் கட்டடத்தில் தனி வகுப்பு நடத்தியதே, அதில் பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து படித்திருக்கிறார். ஒரே குடும்பத்தில் இரண்டு தலைமுறை, இரண்டு பேரும் தனியாக ஒதுக்கி வைத்த வகுப்பில். நம் இதழில் இதற்கு வந்தது ஒரு வரி: "டோங்காட்டில் ஆசிரியராகப் பணியாற்றுகிறார்."

அப்புறம் முகவரி அட்டைகள். சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை, நீலக் கோடு போட்டது, நினைவிருக்கும். நான் அதை முதலில் ஒதுக்கித்தான் வைத்திருந்தேன். ஒரு சாயங்காலம் எடுத்துப் புரட்டினேன், அதோடு தூக்கம் போனது. முதல் முகவரி கேட்டோ மேனர். அதை அடித்துவிட்டு மேலே சாட்ஸ்வொர்த், யூனிட் எண், ரோடு எண். தெருவுக்குப் பெயர்கூட இல்லை, வெறும் எண். அடுத்த அட்டையில் கிளேர்வுட், அடித்துவிட்டு மறுபடி சாட்ஸ்வொர்த். 1976க்குப் பிறகு ஃபீனிக்ஸ் வருகிறது. இன்ன இனம் இன்ன இடத்தில்தான் வாழலாம் என்று 1950இல் போட்ட குழுப் பகுதிச் சட்டம் நம் ஜனங்களை எப்படிப் பிடுங்கி நட்டது என்று புத்தகத்தில் படிக்கிறோம். இங்கே அது மாஸ்டர் கையெழுத்தில், ஆள் ஆளாக, எந்த வருடம் எந்த வீடு போனது என்று இருக்கிறது. அதற்குமேல் இன்னொரு அடுக்கு: லண்டன், டொராண்டோ, பெர்த். சில அட்டைகளில் புது முகவரியே இல்லை, திரும்பி வந்த உறையைக் குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறார். நம் ஆட்கள் எப்படிச் சிதறிப் போனார்கள் என்று நாளைக்கு ஒரு பெண் ஆராய்ச்சி செய்ய வந்தால் அவளுக்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? இதைத் தூக்கிப் போட எனக்குக் கை வராது.

கணக்குப் புத்தகம், பிரஸ் பில், தபால் ரசீது எல்லாம் ஒரு பெட்டி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதையும் வைத்துக்கொள்கிறேன்.

இனிச் சொல்லப் போவதுதான் முக்கியம். உனக்கு மாஸ்டருடைய சிவப்புப் பென்சில் நினைவிருக்கும். கடிதத்தில் வட்டம் போட்டு வெட்டுவாரே, நீகூட ஒருமுறை "இவருக்கு என்ன இவ்வளவு பயம்" என்று என்னிடம் கோபப்பட்டாய். அந்த வட்டங்களை இப்போது ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் பெயர்கள். கம்யூனிச ஒடுக்குச் சட்டம் 1950இல் வந்தது, 1962க்குப் பிறகு, நிறவெறி அரசு தடை உத்தரவு போட்டு வாயடைத்தவர் சொன்னதையோ எழுதியதையோ அச்சில் எடுத்துச் சொன்னாலே குற்றம். அரசிதழில் பெயர்ப் பட்டியல் வரும். மாஸ்டர் அந்தப் பட்டியல்களைக் கத்தரித்துக் கோப்பில் வைத்திருக்கிறார். கறுப்பர் விழிப்புணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பிகோ 1973இல் அதில் சேர்ந்தார். நம் ஊர் மருத்துவக் கல்லூரியில் படித்த பையன், கூடப் படித்தவர்கள் நமக்கு எழுதும் கடிதத்தில் அவர் பேச்சு வராமல் இருக்குமா? பாத்திமா மீர் அம்மாவுக்கு 1976இல் மறுபடி தடை. அவரிடம் சமூகவியல் படித்தவர்கள் "மேடம் வகுப்பில் அன்று சொன்னது" என்று எழுதியிருக்கிறார்கள், அந்த இடத்தில் சிவப்பு வட்டம். சட்டம் தடுத்தது பேச்சையும் எழுத்தையும். பயம் படத்தையும் தடுத்தது: நாலு பேர் நிற்கும் ஒரு பழைய போட்டோவில் ஓரத்தில் நிற்பவரை விட்டுவிட்டு வெட்டச் சொல்லிப் பென்சில் கோடு. இதழில் மூன்று பேர்தான் வந்தார்கள். பெட்டியில் நாலு பேரும் இருக்கிறார்கள்.

மணி, அவர் எதையும் எறியவில்லை. வெட்டிய ஒவ்வொன்றையும் ஒரு பழுப்புக் கவரில் சேர்த்து, மேலே "போடாமல் விட்டவை" என்று எழுதி வைத்திருக்கிறார். 1990 பிப்ரவரி 2இல் தடைகள் நீங்கிய செய்தி வந்ததே, அந்த வருடத்துக் கோப்பில் ஒரு தலையங்க வரைவு கிடக்கிறது. இத்தனை வருடம் இந்த இதழ் யார் யாரை விட்டுவிட்டது என்று பெயர் பெயராக எழுதி, அவர்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். கார்பன் காப்பியில் பாதிப் பெயர்கள் மங்கிவிட்டன. அது ஏன் அச்சேறவில்லை என்று எனக்கும் தெரியாது, உனக்குத் தெரிந்திருந்தால் எழுது. அன்று அவர் வெட்டியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை: சின்னப் பத்திரிகை, பல்கலைக்கழகத்துப் பணம் இல்லாமல் சந்தாவில் ஓடியது, ஒரு வழக்கு வந்தால் அவர் வேலையும் போயிருக்கும், நம் அச்சகக்காரர் பிழைப்பும் போயிருக்கும். அச்சான இதழை மட்டும் வைத்துக்கொண்டால் வருகிறவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஊர் பற்றி எரியும்போது இவர்கள் பதவி உயர்வும் கல்யாணமும் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே? அந்தப் பழுப்புக் கவர் இருந்தால்தான் மாஸ்டருக்கு நியாயம் கிடைக்கும். உனக்கும் எனக்கும்கூட.

உன் கைவண்ணமும் இங்கே இருக்கிறது. தமிழ்ப் பக்கத்துக்கு எழுத்துக் கோக்க இங்கே ஆள் கிடைக்காமல் நீ கையால் எழுதி அட்டையில் ஒட்டிக் கொடுப்பாயே, அந்த அட்டைகள் அப்படியே இருக்கின்றன. வருடம் போகப் போகத் தமிழ்ப் பக்கம் ஒரு பக்கத்திலிருந்து அரைப் பக்கமாகி, அப்புறம் வெறும் பொங்கல் வாழ்த்தாகிவிட்டது. வெஸ்ட்வில்லில் தமிழ் பாடமாக இருந்த காலம், அதில் சேர்ந்த பிள்ளைகள் குறைந்த காலம், எல்லாம் உன் அட்டைகளில் தெரிகிறது. படிக்கும்போது எனக்குத் தாங்கவில்லை. நம் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் இதை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள், நீயே சொல்.

உன் மகன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து விஷயவாரியாகப் பிரித்துத் தருகிறேன் என்றான். நல்ல பிள்ளை, ஸ்கேன் செய்யட்டும். பிரிக்க மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நீயும் எடுத்துச் சொல். காகிதங்கள் எந்த வரிசையில் ஆசிரியர் மேஜையில் சேர்ந்தனவோ அந்த வரிசையைக் கலைக்கக் கூடாது என்பது ஆவணக் காப்பகக்காரர்களின் முதல் விதி. 1898இலேயே ஹாலந்துக்காரர்கள் மூன்று பேர் அதைக் கையேடாக எழுதிவிட்டார்கள். கடிதத்தை ஒரு கட்டாகவும், அரசிதழ்த் துண்டை இன்னொரு கட்டாகவும் பிரித்துவிட்டால் எந்தத் துண்டைப் பார்த்து எந்தப் பெயரை வெட்டினார் என்பது போய்விடும். நான் செய்வதெல்லாம் துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேப்ளர் பின்னையும் எடுப்பதும், ரப்பர் பேண்டை எறிவதும்தான். இந்த ஊர் கடல் காற்றில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் காகிதத்தைத் தின்கிறது! செல்லோடேப் பக்கமே போவதில்லை. ஃபேக்ஸில் வந்தவற்றை உடனே நகல் எடுத்துவிட்டேன், அந்த வழுவழுப்புத் தாளில் எழுத்து பாதி போய்விட்டது.

எனக்கு உண்மையில் பயம் எழுபதுகளின் காகிதத்தைப் பற்றி இல்லை. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வாங்கினோமே, அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் ஸ்டிஃபிகளில், அந்தச் சின்ன கம்ப்யூட்டர் தட்டுகளில், இருக்கிறது. அதைப் போட்டுப் படிக்க மெஷின் வேண்டும். மெஷின் கிடைத்தாலும் அப்போது பக்கம் அமைத்த பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்பைத் திறக்க வேண்டும். ஈமெயிலில் வந்த கடிதங்கள் எங்கே போயினவோ. 1975இல் ஒருவர் நமக்கு என்ன எழுதினார் என்று கையில் எடுத்துப் படிக்க முடிகிறது, 2001இல் எழுதியது போயே போய்விட்டது. அந்த ஸ்டிஃபிகளை மட்டும் உன் மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் படிப்பையெல்லாம் அதில் காட்டட்டும்.

கடிதங்களில் நோய், கடன், பிரிந்துபோன கணவன் மனைவி என்று வீட்டு விஷயங்கள் நிறைய இருக்கிறதே என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் யோசித்தேன். எழுதியவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள், தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டமும் 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் ஆவணக் காப்பகத்தில் கொடுக்கும்போது, இந்தப் பெட்டியை இத்தனை வருடம் திறக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கலாம். ரகசியம் காக்க வேண்டியதற்குப் பூட்டு போதும், நெருப்பு வேண்டாம். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், 1900இல் தொடங்கிய அவர்கள் பழைய மாணவர் வார இதழின் கோப்புகளைக் காப்பகத்தில் வைத்திருக்கிறது. அவர்கள் வீட்டுக் காகிதம் வைக்கத் தகுந்தது, நம் வீட்டுக் காகிதம் குப்பை என்று யார் சொன்னது?

வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்தூலி ஆவண மையம் இருக்கிறது. அங்கே கொடுப்பதுதான் முறை என்று படுகிறது. 2004 ஜனவரி 1இல் நேட்டாலும் டர்பன்-வெஸ்ட்வில்லும் சேர்ந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனபோது நம் பட்டத்தில் உள்ள பெயரே இல்லாமல் போனது. பெயர் போன இடத்துக்குக் காகிதமாவது இருக்க வேண்டாமா? ஒரே இடத்தில் வைத்தால் ஆபத்து என்பதும் தெரியும். 2021 ஏப்ரலில் கேப் டவுன் பல்கலைக்கழக நூலகம் எரிந்ததை டிவியில் பார்த்து அழுதவர்கள்தானே நாம். அடுத்த ஏப்ரலில் இங்கே வெள்ளம், நானூறு பேருக்கு மேல் உயிர் போனது, அதோடு எத்தனை வீட்டுப் பழைய படங்களும் பத்திரங்களும் சேற்றில் போயின! அதனால்தான் ஸ்கேன் செய்த பிரதி ஒன்று ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் உன் வீட்டில் இருக்கட்டும் என்கிறேன். பெட்டிகளை ஜனவரிக்குள் கொடுத்துவிட வேண்டும், இன்னொரு மழைக்காலம் அவை என் நடு அறையில் இருக்கக் கூடாது.

உன்னிடம் மூன்று உதவி கேட்கிறேன். இதோடு வரும் போட்டோ நகல்களில் யார் யார் என்று எழுது, சந்தேகமாக இருந்தால் சந்தேகம் என்றே எழுது, ஊகித்துப் பெயர் வைக்காதே. அசலின் பின்பக்கத்தில் நான் மென்மையான பென்சிலால் குறித்துக்கொள்கிறேன். இரண்டாவது, மாஸ்டர் உனக்கு எழுதிய கடிதங்கள் உன் டிரங்குப் பெட்டியில் இருக்கும், நீ எறிகிற ஆள் இல்லை. நாம் எழுதியவை இங்கே இருக்கின்றன, அவர் பதில் உன்னிடம் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால்தான் பேச்சு முழுசாகும். மூன்றாவது, அந்த மன்னிப்புத் தலையங்கத்தில் மங்கிப்போன பெயர்களை உன்னால் சொல்ல முடியும் என்று நம்புகிறேன். நகலைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன்.

கடிதங்களைக் கூரியரில் போடாதே. டிசம்பரில் குடும்பத்தோடு வரும்போது கையில் கொண்டு வா. அக்கா உங்களுக்காக இப்போதே மாங்காய் ஊறுகாய் போடப் போகிறேன் என்கிறாள். தங்கச்சியிடம் அதைச் சொல், வருவதற்குள் கண் சரியாகிவிடும்.

அன்புடன்,
ராஜு