மாவு மில் இடம் மாறுகிறது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பிளாட்டை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள், கீழே இருக்கும் நம் மில் இந்த மாதக் கடைசியில் காலியாகிறது என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் "மில்காரர் பணம் கேட்டு அடம்பிடிக்கிறார், அவரால்தான் வேலை நிற்கிறது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது மனதை ரொம்பவே வருத்திவிட்டது.

நான் வாடகைக்கு இருப்பவன். இடிப்பதா வேண்டாமா என்பதில் எனக்குக் கையெழுத்தே கிடையாது. 1994-இல் வந்த பழைய அடுக்குமாடி உரிமைச் சட்டம் இருந்தவரை எல்லா உரிமையாளர்களும் ஒத்துக்கொண்டாக வேண்டும் என்ற நிலை, ஒருவர் மாட்டேன் என்றாலும் கட்டடம் அப்படியே நிற்கும். 2022-இல் கொண்டுவந்து 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். இங்கே 12 வீடு, 8 பேர் போதும், 9 பேர் எப்போதோ கையெழுத்துப் போட்டாயிற்று. தாமதமானது பத்திரத்தால். எல்லோருடைய யூடிஎஸ்ஸையும், அதாவது மனையில் அவரவர் பங்கை, கூட்டிப் பார்த்தால் மனையின் அளவையே தாண்டுகிறது, அதைச் சரிசெய்யத்தான் 7 மாதம் ஓடியது. இதில் நான் எங்கே வருகிறேன்? அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டேன், அது உண்மை. நான் கொடுத்த பணம்தானே.

இடிப்பது தப்பு என்றும் நான் சொல்லவில்லை. போன ஐப்பசி மழையில் மேலேயிருந்து காரை பெயர்ந்து, ஒரு மாமி வைத்துவிட்டுப் போன மிளகாய் டின்மேல் விழுந்து மூடி நசுங்கிவிட்டது. அண்ணாந்து பார்த்தால் கம்பி துருப்பிடித்து ஊதி, சீலிங் கை நீளத்துக்குப் பிளந்திருக்கிறது. அது பூச்சு வேலையில் அடங்குகிற விஷயமில்லை. லிஃப்ட் இல்லாமல் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி வரும் பெரியவர்களை நினைத்தாலும் இந்தச் சட்டம் வந்தது நல்லதுதான். கூடவே கீழே கடை வைத்திருப்பவனிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருந்திருக்கலாம், அவ்வளவுதான் என் ஆதங்கம்.

19 வருடம். ஊரடங்கில் மில் பூட்டிக் கிடந்தபோது, அரைக்காமலே முன்பணம் கொடுத்தனுப்பிய வீடுகளை நான் மறக்கவில்லை. என் பெண்ணின் பள்ளிக்கூட ஃபீஸ் அதில்தான் கட்டினேன். உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

புது இடம் இரண்டு தெரு தள்ளி, மார்க்கெட்டுக்குப் பின்னால். அங்கே வாடகை கூடுதல் என்பதால் கிலோவுக்கு 5 ரூபாய் ஏறும், மிளகாய் அரைப்பது செவ்வாய், சனி மட்டும்.

அப்புறம், அலமாரியில் 14 டின் அப்படியே இருக்கிறது, மூடியில் எழுதிய பெயர் பாதி அழிந்துவிட்டது. 25-ஆம் தேதிக்குள் வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மில் உரிமையாளர்