மடல் வரவில்லை என்றால் முதலில் பெட்டியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பித்ததற்கான பத்திரம் மின்னஞ்சலில் வரும் என்று ஏறத்தாழ ஐந்து வாரங்கள் காத்திருந்தார். நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம், "மூன்று முறை அனுப்பிவிட்டோம், அம்மா" என்ற பதிலே கிடைத்தது. பொறுமை இழந்து கைப்பேசிக் கடை ஒன்றுக்குப் போனார். அங்கே ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, ஜிமெயில் செயலியை நீக்கி மறுபடியும் நிறுவிக் கொடுத்தார்கள். கடவுச்சொல்லையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகும் மடல் வரவில்லை. தற்செயலாக அவருடைய கைப்பேசியை நான் வாங்கிப் பார்த்தபோது, கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் முழுவதும் தீர்ந்துபோயிருந்தது தெரிந்தது. செயலியில் எந்தக் கோளாறும் இல்லை. பெட்டியில் இடம் இல்லாததால் மடல்கள் வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தன.

அந்த 15 ஜிபி மின்னஞ்சலுக்கு மட்டும் உரியது என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஜிமெயில், கூகுள் டிரைவ், கூகுள் போட்டோஸ் ஆகிய மூன்றுக்கும் பொதுவான இடம் அது. உயர்தரம் என்ற பெயரில் சற்றே சுருக்கிச் சேமிக்கப்பட்ட படங்கள் 2021 ஜூன் 1-க்கு முன்பு இந்த 15 ஜிபி கணக்கில் சேரவில்லை. அன்று முதல் ஏறும் படங்கள் சேருகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் எடுக்கப்படும் வாட்ஸ்அப் காப்புப்பிரதியும் பின்னர் இதே கணக்கில் சேர்க்கப்பட்டது. ஆகவே நம் உறவினர்கள் விடியற்காலையில் அனுப்பும் ரோஜாப்பூ வணக்கங்களும், கோயில் குடமுழுக்குக் காணொளிகளும், பேரக்குழந்தையின் ஒரே சிரிப்பை எடுத்த முப்பது படங்களும் சேர்ந்து, காப்பீட்டுப் பத்திரம் வந்து அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இடம் தீர்ந்ததும் ஜிமெயிலில் மடல் அனுப்பவும் முடியாது, பெறவும் முடியாது. வர இருந்த மடல் எது என்று பெறுபவருக்குத் தெரிய வழியில்லை. திரும்பி வந்த செய்தி அனுப்பியவருக்குத்தான் போகிறது. அந்த முகவரியோ பெரும்பாலும் யாரும் திறந்து பார்க்காத, பதில் அனுப்பக்கூடாத முகவரி.

இதைச் சரிசெய்யக் கடைக்குப் போக வேண்டியதில்லை. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள குறியை அழுத்தினால், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மடல்களை மட்டும் காட்டும்படி கேட்கலாம். பத்து எம்பி என்று குறிப்பிட்டுத் தேடி, வேண்டாதவற்றை நீக்கலாம். அதோடு நின்றுவிட்டால் பயனில்லை. நீக்கியவை குப்பைத்தொட்டியில் 30 நாட்கள் கிடக்கின்றன. அங்கே கிடக்கும் வரை அவையும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் விடுபடும். போட்டோஸிலும் இவ்வாறே. ஆனால் அங்கே நீக்கும் படம் கைப்பேசியிலிருந்தும் நீங்கக்கூடும் என்பதால், முதலில் வேண்டிய படங்களை ஒரு பென்டிரைவிலோ கணினியிலோ நகலெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஆசிரியையின் பெட்டியை ஒரு பிற்பகலில் காலி செய்தோம். மறுபடி அனுப்பச் சொன்ன பத்திரம் அன்று மாலையே வந்து சேர்ந்தது.

பெட்டியில் இடம் இருந்தும் மடல் வராவிட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியது, வேண்டாத மடல் என்று ஜிமெயில் கருதியவற்றை ஒதுக்கிவைக்கும் ஸ்பேம் பகுதி. அங்கே போய் விழுந்தவை 30 நாட்களில் தாமாகவே அழிந்துவிடும் என்பதால், வாரம் ஒருமுறையாவது அதைப் பார்ப்பது அவசியம். தேவையான மடல் அங்கே அகப்பட்டால் 'ஸ்பேம் அல்ல' என்று குறித்து, அனுப்பியவரைத் தொடர்புப் பட்டியலிலும் சேர்த்துவிட வேண்டும்.

முகவரியிலேயே பிழை இருப்பதும் நம் ஊரில் மிகுதி. தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரத்துக்கு 'இசட்எச்' இடுவோரும் உண்டு, 'எல்' இடுவோரும் உண்டு. தகரத்துக்குப் பின் 'எச்' சேர்ப்போரும் உண்டு, விடுவோரும் உண்டு. பெயரின் தலைப்பெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்பதும் வீட்டுக்கு வீடு வேறுபடும். வங்கியிலோ இ-சேவை மையத்திலோ நாம் வாயால் சொல்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்பவர் தம் வழக்கப்படி எழுதிவிட்டால், நம் மடல் முன்பின் அறியாத ஒருவருக்குப் போய்ச் சேரும். தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி வைத்தோமா இல்லையா என்று மட்டும் கவலைப்பட வேண்டாம். ஜிமெயில் முகவரிகளில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மற்ற நிறுவனங்களின் முகவரிகளுக்கு இந்தச் சலுகை பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. முகவரியை ஒரு சீட்டில் எழுதிக் காட்டுவதும், அவர்கள் திரையில் தட்டச்சு செய்ததை நாமே எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்ப்பதும் என் வழக்கம். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

பழைய மேசைக்கணினி வைத்திருப்போருக்கு வேறு இரண்டு தொல்லைகள் உண்டு. கணினியின் உள்ளே இருக்கும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். தேதி பொருந்தாததால் உலவி (பிரவுசர்) பாதுகாப்பு எச்சரிக்கை காட்டி மின்னஞ்சல் தளத்தைத் திறக்க மறுக்கும். தேதியைத் திருத்தி மின்கலத்தை மாற்றினால் போதும். மற்றொன்று, சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் பழைய மின்னஞ்சல் மென்பொருள் மறுபடி மறுபடி கடவுச்சொல் கேட்பது. பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கொடுத்து உள்ளே நுழையும் மென்பொருள்களைத் தனிநபர் கணக்குகளில் கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்திவிட்டது. கடவுச்சொல்லோடு இன்னொரு முறையிலும் நம்மை உறுதிசெய்யும் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, அந்த மென்பொருளுக்கென்று 16 எழுத்துகள் கொண்ட தனிக் கடவுச்சொல்லை உருவாக்கிக்கொள்ளலாம். அல்லது உலவி வழியாகவே மடல்களைப் படிக்கலாம்.

கடவுச்சொல்லே மறந்துபோனவர்களைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. கணக்கில் கொடுத்த கைப்பேசி எண்ணை விட்டுவிட்டுப் புது எண் வாங்கியவர்கள் நம்மிடையே பலர். விடப்பட்ட எண், குறைந்தது 90 நாட்கள் கழித்து, வேறொருவருக்கு வழங்கப்படலாம். கணக்கை மீட்கும் குறியீடு அப்போது அவருக்குப் போகும். எண் மாறிய அன்றே மின்னஞ்சல் கணக்கிலும் எண்ணை மாற்றிவிட வேண்டும். மீட்க முயல்வோர், வழக்கமாகப் பயன்படுத்திய அதே கைப்பேசியில், வழக்கமான அதே வீட்டு இணைப்பிலிருந்து முயன்றால் கூகுள் அடையாளம் காண்பதற்கு வாய்ப்பு அதிகம். தெருமுனை இணைய மையத்திலிருந்து முயல்வது வேலையைக் கெடுக்கும்.

இந்த அவசரத்தில் 'வாடிக்கையாளர் சேவை எண்' என்று இணையத்தில் தேடுவதுதான் பேராபத்து. இலவச ஜிமெயில் கணக்கை மீட்டுத்தரத் தொலைபேசிச் சேவை கிடையாது. தேடலில் அகப்படும் எண்ணில் பேசுபவர் இனிமையாகப் பேசி, திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்லி, ஓடிபி கேட்பார். எங்கள் தெருவில் ஒருவர் அப்படித்தான் சேமிப்பில் ஒரு பகுதியை இழந்தார். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930-இல் தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டே போகும். கடவுச்சொல் பிறர் கையில் சிக்கியதாக ஐயம் எழுந்தால், அதை மாற்றுவதோடு நிறுத்தாமல், மடல்களை வேறு முகவரிக்கு அனுப்பும் அமைப்பு எதையேனும் இட்டு வைத்திருக்கிறார்களா, அறியாத சாதனம் ஏதேனும் உள்நுழைந்திருக்கிறதா என்றும் அமைப்புகளில் பார்க்க வேண்டும். ஆசிரியையின் கடவுச்சொல் எழுதப்பட்ட தாளை நினைத்து அன்றே இவை அனைத்தையும் செய்தோம்.

இனி நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். காகிதத்தில் அனுப்புவதை நிறுத்தி எல்லாவற்றையும் மின்னஞ்சலுக்கு மாற்றிய காப்பீட்டு நிறுவனங்களும் வங்கிகளும், மடல் திரும்பி வந்ததா என்று பார்க்காமலே 'அனுப்பிவிட்டோம்' என்று சொல்வது நியாயம் ஆகாது. திரும்பிய மடல் ஒன்றுக்கு ஒரு குறுஞ்செய்தி, அதுவும் தமிழில், 'உங்கள் பெட்டி நிரம்பியுள்ளது' அல்லது 'உங்கள் முகவரி தவறு' என்று அனுப்பினால் போதும். கைப்பேசி எண் அவர்களிடம் இருக்கத்தான் செய்கிறது. தவணை நாள் நெருங்கும்போது நாளுக்கு இரண்டு முறை நினைவூட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர்,
நங்கநல்லூர், சென்னை-61.