காலையில் பத்து நிமிடம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பிவிட்டார்கள். பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வும் நெருங்குகிறது. வரும் திங்கட்கிழமை முதல் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் எல்லா வகுப்புக்கும் பத்து நிமிடம் எளிய ஆசனங்களும் மூச்சுப் பயிற்சியும் நடக்கும். ஏன் என்று உங்களுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

அரையாண்டுத் தேர்வில் கணக்குத் தேர்வன்று நான் அறைகளைச் சுற்றி வந்தேன். நன்றாகப் படிக்கிற ஒரு பெண், வினாத்தாளைப் பார்த்தபடி எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். விரல்கள் நடுங்கின. உள்ளங்கை வேர்த்து விடைத்தாளின் ஓரம் நனைந்திருந்தது. "எல்லாம் மறந்துருச்சு சார்" என்றாள். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, மூச்சை மெதுவாக, நீளமாக விடச் சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து உள்ளே போய் எழுதத் தொடங்கினாள். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் உடம்புக்குள் என்ன நடந்தது என்று தெரிந்தால், நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பதும் புரியும்.

அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு பார்த்திருப்பீர்கள். வாடிவாசலில் காளை வெளிவரும் நொடியில், களத்தில் நிற்கிற பையனுக்கு நெஞ்சு படபடக்கும், வாய் வறளும், கண்பாவை விரியும். நம்மைக் கேட்காமலே இயங்குகிற தானியங்கு நரம்பு மண்டலத்தில் பரிவு நரம்புகள் என்று ஒரு பிரிவு உண்டு. இது அதன் வேலை. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்க, ஓடவோ மோதவோ உடம்பு தயாராகிவிடுகிறது. காளைக்கு முன்னால் அது உயிரைக் காக்கும். வினாத்தாளுக்கு முன்னாலும் உடம்பு அதையேதான் செய்கிறது. ஆனால் தேர்வு அறையில் ஓட முடியாது, மோதவும் முடியாது. பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்தே நடுங்குகிறது. கார்டிசால் என்கிற இன்னொரு சுரப்பு கூடும்போது, படித்தது உள்ளே இருந்தும் நினைவுக்கு வர மறுக்கும். அந்தப் பெண் எதையும் மறந்துவிடவில்லை.

இதற்கு எதிராக வேலை செய்வது எதிர்ப்பரிவு நரம்புகள். அவற்றில் முக்கியமானது வேகஸ் நரம்பு. மூளையின் அடித்தண்டில் கிளம்பி, கழுத்து வழியாக இதயம், நுரையீரல், குடல் வரை போகிறது. இதயத்தை நிதானப்படுத்துவது அதன் பொறுப்பு. 1921-இல் ஓட்டோ லோவி என்கிற விஞ்ஞானி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து வேறொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு ஒரு வேதிப்பொருளால் பேசுகிறது என்று தெரிந்தது அப்படித்தான். 1936-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

சரி, இதயத்தை "மெதுவாகத் துடி" என்று சொன்னால் அது கேட்காது. மூச்சு கேட்கும். தானாகவும் நடக்கிற, நாம் நினைத்தாலும் மாற்ற முடிகிற வேலை அது. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்றுக் கூடும்; விடும்போது வேகஸின் பிடி இறுகி, துடிப்பு குறையும். பிள்ளைகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இன்று இரவு உங்கள் பிள்ளையின் மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். எட்டாம் வகுப்பில் அறிவியல் பாடத்தின்போது இதைச் செய்தோம். அத்தனை முகத்திலும் ஆச்சரியம்.

அதனால்தான் நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடச் சொல்லப் போகிறோம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. பெரியவர்கள் சாதாரணமாக 12 முதல் 20 வரை மூச்சு விடுகிறோம். சின்னப் பிள்ளைகள் நாலு, ஆறு வரை எண்ண வேண்டியதில்லை, அதைவிடக் குறைவாக எண்ணினால் போதும், சிரமப்படக் கூடாது. மூச்சை அடக்குவது, வேகமாக ஊதும் கபாலபாதி, தலைகீழாக நிற்பது எதுவும் இங்கே கிடையாது. நிமிர்ந்து நிற்கிற தாடாசனம், ஒற்றைக் காலில் நிற்கிற விருட்சாசனம், கடைசியில் கண்மூடி உட்காருதல், அவ்வளவுதான். யாருக்கும் இதைத் தண்டனையாகக் கொடுக்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

சில பெற்றோர் மதம் குறித்துத் தயங்கிக் கேட்டீர்கள். கேட்டது நல்லது. மந்திரம், கும்பிடு எதுவும் இருக்காது. போன மாதம் பிள்ளைகளைக் கீழக்குயில்குடி சமணர் மலைக்கு அழைத்துப் போனோம். அங்கே செட்டிப்புடவு என்கிற குகையருகே பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர், அதாவது சமணர்கள் வணங்கும் பெரியவர், காலை மடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அமைதியாக உட்காருவது நம்ம பக்கத்தில் ஒரே சமயத்துக்குச் சொந்தமாக என்றைக்கும் இருந்ததில்லை. அப்படியும் வேண்டாம் என்று நினைத்தால், உங்கள் பிள்ளை அந்த நேரத்தில் நூலகத்தில் இருக்கலாம். யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். யோகா சர்க்கரையை ஒழிக்கும், எல்லா நோயையும் தீர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். தொடர்ந்து செய்பவர்களுக்கு இரத்த அழுத்தமும் பதற்றமும் ஓரளவு குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு அது போதாது. பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. அதனால் மதிப்பெண் கூடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. இரவு பதினொரு மணி வரை போன் பார்த்துவிட்டு, காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைக்கு எங்கள் பத்து நிமிடம் பெரிதாக எதுவும் செய்துவிடாது. பத்து மணிக்குள் தூங்க வையுங்கள். இரண்டு இட்லியாவது சாப்பிட்டு வரட்டும். அப்புறம், தேர்வு நாள் காலையில் வாசலில் நிறுத்தி, "இத்தனை மார்க் வாங்கணும்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அந்தச் சொல்லோடுதான் பிள்ளை தேர்வு அறைக்குள் நுழைகிறது.

ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, அண்மையில் எலும்பு முறிவு இருந்தால், வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். இன்ஹேலர் வைத்திருக்கிற பிள்ளையின் பையில் அது எப்போதும் இருக்கட்டும். திங்கட்கிழமை காலை முடிந்தவர்கள் வாருங்கள், பிள்ளைகளோடு வரிசையில் நிற்க இடம் இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்