அத்தைக்கு, அந்தச் சீட்டுப் பெட்டியைப் பற்றி

அன்புள்ள அத்தை,

போன வெள்ளிக்கிழமை பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு வந்தபோது, மேசையில் விரித்திருந்த அட்டைகளைப் பார்த்து, "விளக்கேத்துற நேரத்துல சீட்டா? அதுவும் சூனியக்காரி படம் போட்ட சீட்டா?" என்று கேட்டீர்கள். தேநீர்கூடக் குடிக்காமல், ஃபெரிக்கு நேரமாகிவிட்டது என்று பட்டர்வொர்த்துக்குக் கிளம்பிவிட்டீர்கள். அன்று எனக்குப் பதில் வரவில்லை. நம் உறவில் இப்படி நினைப்பவர்கள் நிறைய பேர் இருப்பதால், எல்லாரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

சீட்டு என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் சம்பள நாள் இரவு தாத்தா வெறுங்கையோடு திரும்பியதையும், மறுநாள் பாட்டி அரிசிக்குக் கடன் சொல்லி நின்றதையும் அப்பாவும் சொல்லியிருக்கிறார். அந்தப் பயம் நியாயமானது.

இது வேறு, அத்தை. 'ஈயான்ஸ் எண்ட்' (Aeon's End) என்ற சீட்டு விளையாட்டு, எல்லாரும் ஒரே அணியாக ஆடுவது, 2016-இல் வந்தது. காசு வைப்பதில்லை. மிச்சமிருக்கும் மனிதர்கள் பூமிக்கடியில் கிரேவ்ஹோல்ட் என்ற ஊரில் வாழ்கிறார்கள். பிளவுகள் வழியாக அரக்கர்கள் வந்து தாக்குகிறார்கள். ஊரைக் காக்கிற மந்திரவாதிகள் நாம். ஊருக்கு உயிர் 30, நமக்கு ஆளுக்கு 10. ஊரின் உயிர் தீர்ந்தால் எல்லாருக்கும் தோல்வி, அரக்கன் விழுந்தால் எல்லாருக்கும் வெற்றி. பில்லி சூனியம் அடுத்தவரைக் கெடுக்க வைப்பது. இந்த மந்திரம் எல்லைச்சாமி மாதிரி, ஊர்க்காவலுக்கு.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு விதி: நம் சீட்டைக் கலைக்கவே கூடாது. கட்டு தீர்ந்ததும், போட்ட சீட்டுகளை அப்படியே கவிழ்த்து வைத்து மறுபடி எடுக்க வேண்டும். எந்தச் சீட்டை எதன் மேல் போட்டோமோ அந்த வரிசையில்தான் அது திரும்பி வரும். அதனால் ஞாபகம் வேண்டும், இரண்டு சுற்று தள்ளி யோசிக்கவும் வேண்டும். வேலையை விட்டதிலிருந்து அப்பா எவ்வளவு குறைவாகப் பேசுகிறார் என்று உங்களுக்குத் தெரியும். இந்த மேசையில் உட்கார்ந்தால், "மூணு சீட்டு தள்ளி உனக்கு அந்த நெருப்பு மந்திரம் வரும்மா, இப்ப அவசரப்படாதே" என்று பேத்திக்குச் சொல்கிறார். ஆங்கில எழுத்தை அவள் படித்துச் சொல்வாள், வரிசையை அவர் சொல்வார்.

கலைக்கிற கட்டு ஒன்று உண்டு. யார் முறை என்று சொல்லும் 6 சீட்டுகள். நான்கு பேர் ஆடினால் நமக்கு 4, அரக்கனுக்கு 2. அது மட்டும் நம் கையில் இல்லை. போன மாதம் ஊருக்கு உயிர் 2 மிச்சம், அரக்கனும் சாகும் நிலை. கட்டில் கடைசி இரண்டு சீட்டு: ஒன்று அப்பாவுடையது, ஒன்று அரக்கனுடையது. அப்பாவையே எடுக்கச் சொன்னோம். அரக்கன் வந்தது. ஊர் போய்விட்டது.

யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அப்பாவே, "சரி, திரும்ப அடுக்கு" என்றார். தோற்றுவிட்டுத் தாத்தா தனியாக வீட்டுக்கு நடந்து வந்தாரே, அதை நினைத்துக்கொண்டேன்.

அந்தப் படங்களில் ஒரு வயதான அம்மா இருக்கிறார், பெயர் பிராமா. சக்தி சேர்ந்ததும், அடிபட்டவர் யாராக இருந்தாலும் 4 உயிர் திருப்பிக் கொடுப்பார். உங்களுக்கு அவரை எடுத்து வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வேண்டாம். சனிக்கிழமை பசியாற வந்துவிடுங்கள். நான்கு பேர்தான் ஆட முடியும். என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள், அப்பாவுக்குப் பக்கத்தில். நான் தேநீர் போடுகிறேன்.

உங்கள் அண்ணன் மகன்